பன்னிரண்டு படங்களும் ஒரு மனுவும்

"படம் இல்லாம அனுப்புனா மனு போகுது. படத்தைச் சேர்த்தா போகமாட்டேங்குது. இது என்ன கணக்கு தம்பி?"

பந்தல்குடி டீக்கடையில் அண்ணாச்சி கேட்ட கேள்வி இது. மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கி, தின்றது கொஞ்சம், மிதித்துச் சாய்த்தது அதிகம் என்று ஆக்கிவிட்டுப் போயிருக்கிறது. இழப்பீடு கேட்டு மனு எழுதியாகிவிட்டது. மகன் வேர்டில் தட்டச்சு செய்து, போனில் எடுத்த 12 படங்களையும் வரிசையாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். கோப்பு 48 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாகப் போகாது. டிரைவில் ஏற்றி ஒரு லிங்காக மாற்றித்தான் அனுப்பும். அலுவலகத்தில் மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் அந்த லிங்கைத் திறந்து, அனுமதி கேட்டு, காத்திருந்து பார்ப்பார் என்று நம்ப முடியாது. அதனால் அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கே "கம்ப்ரஸ்" செய்து தந்த கோப்பு சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் சாய்ந்த தட்டையும் தெரியவில்லை, பன்றியின் கால்தடமும் தெரியவில்லை. எல்லாம் பச்சையும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக நிற்கிறது.

இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இது அண்ணாச்சி ஒருவருடைய பாடு மட்டும் இல்லை. டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள், சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் நிற்கிறவர்கள், பயிர் காப்பீட்டுக்கு அடங்கலையும் பாஸ்புக்கையும் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் என்று இந்தக் கரிசல் காட்டில் அத்தனை பேரும் முட்டிக்கொள்கிற இடம் இது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பேருக்கு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டிய வேலையே இருக்காது.

முதலில் கனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினியில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்குப் பொதுவாக 3 பைட் இடம் பிடிக்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். 'க்' என்று எழுதினால் ககரத்துக்கு 3, மேலே உள்ள புள்ளிக்கு 3. ஒரு பக்க மனுவில் இப்படி ஒரு 2,000 குறிகள் இருந்தால் மொத்தம் 6,000 பைட், அதாவது சுமார் 6 கேபி. ஆயிரம் கேபி சேர்ந்தால் ஒரு எம்பி. போன் எடுக்கிற ஒரு படம் 4 எம்பி. ஆக, அண்ணாச்சி எடுத்த ஒரே ஒரு சோளப் படத்தின் இடத்தில் அறுநூறு பக்கத்துக்கு மேல் தமிழ் எழுதிவிடலாம். மனுவில் எந்த வரியை வெட்டினாலும் கோப்பு குறையாது. கனம் முழுக்கப் படத்தில்தான் இருக்கிறது.

"படத்தைத்தான் மூலையைப் பிடிச்சு இழுத்துச் சின்னதாக்கிட்டானே பையன்?"

பக்கத்தில் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேர்டில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால், எந்த அளவில் காட்ட வேண்டும் என்கிற குறிப்பு மாறுகிறதே தவிர, உள்ளே இருக்கிற படம் மாறுவதில்லை. ஓரத்தை வெட்டினாலும் அதே கதை. வெட்டின பகுதி மறைந்து நிற்கும், போய்விடாது. சேமிக்கும்போது வேர்டின் சில பதிப்புகள் தாமாகவே கொஞ்சம் சுருக்கும், சில அப்படியே வைத்திருக்கும். அதை நம்பி உட்கார முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: டாக்எக்ஸ் என்று முடிகிற வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரதி ஒன்று எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே வேர்டு என்றொரு அடைவு, அதற்குள் மீடியா என்றொரு அடைவு. சேர்த்த படங்கள் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும், ஒவ்வொன்றும் எத்தனை எம்பி என்பதோடு. எது கனம் என்று ஊகிக்கவே வேண்டாம், கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது பிக்சல் கணக்கு. 12 மெகாபிக்சல் போன் என்றால் படத்தின் நீளவாக்கில் 4,000 புள்ளி, அகலவாக்கில் 3,000 புள்ளி. மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம். மனுவில் அந்தப் படம் ஆறு அங்குல அகலத்துக்கு நிற்கப்போகிறது. ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி இருந்தால் திரையிலும் சாதாரண அச்சிலும் நன்றாகவே தெரியும். ஆறை நூற்றைம்பதால் பெருக்கினால் 900. அப்படியானால் 900-க்கு 675 புள்ளி போதும். மொத்தம் ஆறு லட்சத்துச் சொச்சம்.

அண்ணாச்சி இதை உடனே பிடித்துக்கொண்டார். "நெலத்துல நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்குனா பரப்பு கால்வாசி ஆகும். அது மாதிரி." அதேதான். இங்கே இரண்டு பக்கமும் நாலரைப் பங்கில் ஒன்றாகக் குறைகிறது. பரப்பு இருபதில் ஒன்றாகிவிடுகிறது. 4 எம்பி படம் 200 கேபி அளவுக்கு வந்து நிற்கும். பன்னிரண்டையும் சேர்த்தால் இரண்டரை எம்பி. 48 எங்கே, இரண்டரை எங்கே. இத்தனைக்கும் தாளில் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். கண்ணுக்குத் தேவையில்லாத புள்ளிகளைத்தான் நாம் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

அப்படியானால் கம்ப்யூட்டர் சென்டரில் சுருக்கிய படம் மட்டும் ஏன் அப்படிச் சீரழிந்தது? இதற்குப் படம் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பொறுமையாகக் கேட்டால் புரிந்துவிடும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிக்கு மூன்று மூன்று பைட் என்றால் 36 எம்பி வர வேண்டும். போனில் 4 எம்பிதானே காட்டுகிறது? ஏற்கெனவே அது ஒருமுறை சுருங்கித்தான் வந்திருக்கிறது. ஜேபெக் என்கிற முறை அந்த வேலையைச் செய்கிறது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு 64 புள்ளி. அந்த 64-ஐயும் ஒவ்வொன்றாக எழுதி வைக்காமல், "இந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம் இவ்வளவு, இடமிருந்து வலமாக மெதுவாக ஏறுகிறது இவ்வளவு, வேகமாக ஏறி இறங்குவது இவ்வளவு" என்று அலைகளின் அளவாக மாற்றி எழுதும். இதுவரை எதுவும் தொலைந்துவிடவில்லை. 64 எண்ணுக்குப் பதில் வேறு 64 எண். தொலைவது அடுத்த படியில். வேகமாக ஏறி இறங்கும் நுணுக்கமான அலைகளை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதனால் அந்த எண்களை முரட்டுத்தனமாக வகுத்து முழு எண்ணாக்கும்போது பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். வரிசையாக நிற்கும் பூஜ்யங்களை எழுத இடமே வேண்டாம். நிறத்தையும் அப்படித்தான்: வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கிற கூர்மை நம் கண்ணுக்கு நிற வேறுபாட்டில் கிடையாது என்பதால், நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

புள்ளிகளை அலைகளாக மாற்றி எழுதுகிற இந்தக் கணக்கின் பின்னால் இருக்கிற மூன்று பெயர்களை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-இல் இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். நிதி கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்பது பரிசீலித்தவர்களில் ஒருவரின் கருத்து. அவர் விடவில்லை. கே. ஆர். ராவையும், தன்னிடம் ஆய்வு செய்த நடராஜனையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்து, 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். கே. ஆர். ராவ் 1952-இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 'எளிமை' என்று தள்ளப்பட்ட அந்தக் கணக்குதான் 1992-இல் வந்த ஜேபெக் தரத்தின் நடுத்தூண். இன்றைக்குப் பந்தல்குடியில் சோளக்காட்டைப் படம் பிடிக்கிற ஒவ்வொரு போனும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, "கிண்டியில படிச்சவரா?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது.

இப்போது சோளக்காட்டுக்கு வருவோம். ஒரே போனில், ஒரே அளவில் வானத்தை ஒரு படமும் வெடித்துக் கிடக்கிற கரிசல் மண்ணை ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். வானத்தின் படம் லேசாக இருக்கும், மண்ணின் படம் கனமாக இருக்கும். வானத்தில் ஒரு கட்டத்துக்குள் பெரிய மாற்றம் இல்லை; சராசரியை மட்டும் எழுதினால் போதும். மண்ணின் வெடிப்பு, கட்டி, சருகு, சோளத் தோகையின் ஓரம் எல்லாம் நுணுக்கமான ஏற்ற இறக்கம். எழுத நிறைய எண் வேண்டும். அண்ணாச்சியின் படங்கள் எல்லாமே இந்த இரண்டாவது வகை. அப்படிப்பட்ட படத்தை, புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், தரத்தை மட்டும் இறுக்கிச் சுருக்கினால் நுணுக்கம் எல்லாம் பூஜ்யமாகி, ஒவ்வொரு கட்டமும் ஒரே நிறத் துண்டாக நின்றுவிடும். சென்டரில் நடந்தது அதுதான். கால்தடம் என்பதே மண்ணில் ஒரு நுணுக்கமான ஏற்ற இறக்கம்தானே. முதலில் போனது அதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தேவையில்லாத ஓரத்தை வெட்டு. அடுத்து நீள அகலத்தைக் குறை. கடைசியாகத்தான் தரத்தில் கை வை. அதுவும் 75, 80 என்கிற அளவில் நிறுத்து. இந்த வரிசையில் போனால் படமும் பிழைக்கும், கோப்பும் சுருங்கும். வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டும் கெடும்.

ஓரத்தை வெட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது ஒரு வருத்தம். சான்றிதழைக் கோரைப்பாயின் மேல் வைத்துப் படம் எடுக்கிறார்கள். பாயின் ஒவ்வொரு கோரையும், ஒவ்வொரு நூலும் நுணுக்கமான விவரம். கோப்பில் பாதி இடத்தைப் பாய் தின்றுவிடும். வரம்புக்குள் கொண்டுவர இறுக்கும்போது சான்றிதழின் எழுத்து மங்கிப்போகும். பாயை வெட்டி எறிந்தால் அந்த இடம் முழுக்க எழுத்துக்குக் கிடைக்கிறது. இன்னும் நல்லது, சன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், வெறும் தரையிலோ வெள்ளைத் தாளின் மேலோ வைத்து எடுப்பது. கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்கிற வசதி இருக்கிறது. தாளின் நாலு மூலையையும் கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, பின்புலத்தை வெட்டித் தரும்.

எழுத்துள்ள தாளில் தமிழுக்கென்று ஒரு ஆபத்து உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் முதலில் மறைவது புள்ளி. 'முத்து' என்கிற பெயரில் தகரத்தின் மேல் உள்ள புள்ளி ஒரு சின்னத் துணுக்கு. அது கட்டத்தின் சராசரியில் கரைந்துபோனால் 'முதது' என்று நிற்கும். எழுத்தைச் சுற்றி அழுக்கு போல ஒரு படலம் வரும். கையால் எழுதிய பழைய சான்றில் இன்னும் மோசம். சர்வே எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியாது. உட்பிரிவு எண் ஒன்று மாறிப் படிக்கப்பட்டால் அது அடுத்தவன் நிலம். சுருக்கிய பிறகு பெயர், சர்வே எண், தேதி, முத்திரை ஆகிய நான்கையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இது மட்டும் தவறவே கூடாது என்று அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன்.

எழுத்து மட்டும் உள்ள தாளுக்கு வண்ணம் தேவையா என்று பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளை என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு 24 பிட்டுக்குப் பதில் ஒரே ஒரு பிட்; அதற்கென்றே இருக்கிற சுருக்க முறைகளும் எழுத்தைச் சிதைக்காமல் சுருக்கும். கோப்பு மிகவும் லேசாகிவிடும். ஆனால் மங்கலான ஊதா முத்திரை உள்ள சான்றில் அப்படிச் செய்தால் முத்திரையே காணாமல் போகலாம். அங்கே சாம்பல் நிறம் நடுவழி. முத்திரையின் நிறம் கேட்கிற இடமாக இருந்தால் வண்ணத்திலேயே வைத்து, நீள அகலத்தைக் குறைப்பதுதான் சரி. ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 1,240-க்கு 1,754. சாதாரண அச்சு எழுத்துக்கு இது போதும். பொடி எழுத்து இருந்தால் 200 வைக்கலாம்.

அண்ணாச்சி மகள் டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று பேச்சுக்கு நடுவே வந்தது. அங்கே புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். மேல் வரம்பு எல்லாருக்கும் தெரியும். கீழ் வரம்பு இருப்பது பலருக்குத் தெரியாது. பயந்துகொண்டு 8 கேபிக்கு நசுக்கிவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று தவிக்கிறார்கள். 4 எம்பி படத்தை 50 கேபிக்குக் கொண்டுவருவது எண்பதில் ஒரு பங்காக்குவது. தரத்தை மட்டும் குறைத்து இதைச் செய்தால் முகம் களிமண் போல ஆகும். முகமும் தோளும் தெரிகிற அளவுக்கு வெட்டி, அகலத்தைச் சில நூறு புள்ளிகளுக்குக் குறைத்தால் தரத்தை அதிகம் தொடாமலே 40 கேபியில் வந்து நிற்கும். கையெழுத்துக்கும் அப்படியே: வெள்ளைத் தாளில் போட்டு, கையெழுத்தை ஒட்டி வெட்டிவிட வேண்டும். தாள் முழுவதையும் அனுப்பினால் நாம் அனுப்புவது வெள்ளைத் தாளின் படம்.

"இதையெல்லாம் எதுல செய்யுறது? எங்கிட்ட இருக்கிறது இந்தப் போன்தான்."

போனிலேயே படத்தை வெட்டலாம். அளவைக் குறைக்கச் செயலிகள் இருக்கின்றன. கணினி இருந்தால் விண்டோஸின் பெயின்ட்டிலேயே ரீசைஸ் இருக்கிறது. அகலத்தை 900 என்று போட்டு ஜேபெக்காகச் சேமித்தால் முடிந்தது. பிஎன்ஜியாகச் சேமிக்கக் கூடாது. பிஎன்ஜி எதையும் இழக்காத முறை. கோட்டுப் படத்துக்கும் திரைப்பிடிப்புக்கும் நல்லது, சோளக்காட்டுக்கு ஆகாது, பல மடங்கு கனக்கும். படத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் சில சமயம் அது பிஎன்ஜியாகத்தான் போய் உட்காரும். அதனால் ஒட்டாமல், இன்சர்ட் வழியாகச் சேர்ப்பது நல்லது. ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது என்றால் வேர்டில் ஒரு படத்தைத் தொட்டு, பிக்சர் ஃபார்மட் பகுதியில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்பதை அழுத்த வேண்டும். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்கிற குறியை எடுத்துவிட்டு, 'வெட்டின பகுதியை நீக்கு' என்பதை வைத்து, 150-ஐத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் படமும் ஒரே தடவையில் சுருங்கும். காசு கொடுக்காமல் கிடைக்கிற லிப்ரே ஆபீஸில் படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்தால் கம்ப்ரஸ் வரும். பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போதும் ஜேபெக் தரத்தையும் புள்ளி அடர்த்தியையும் அதுவே கேட்கும்.

இணையத்தில் 'பிடிஎஃப் கம்ப்ரஸ்' என்று தேடி முதலில் வருகிற தளத்தில் ஏற்றுவதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். சோளக்காட்டுப் படத்துக்குப் பரவாயில்லை. ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், பட்டா இவற்றை முன்பின் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஏற்றிய கோப்பு எங்கே போகிறது, யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. இவற்றை நம் கையில் இருக்கிற கருவியில் மட்டும்தான் சுருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் செய்தால் வேலை முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டு வர வேண்டும். டவுன்லோட்ஸ் அடைவிலும் குப்பைத் தொட்டியிலும் சேர்த்து. முழு ஆதார் எண் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

சுருக்கவே கூடாத ஒரு வகையும் இருக்கிறது. இ-சேவை வழியாக வருகிற சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் மின்கையொப்பத்தோடும் க்யூஆர் கட்டத்தோடும் பிடிஎஃப் ஆகவே வருகின்றன. அவற்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, படமாக இல்லை. அதனால் இயல்பிலேயே லேசு. இதை எடுத்துக்கொண்டு போய் அச்சடித்து, அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து, அந்தப் படத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அது பெரிதாக இருக்கிறதே என்று மறுபடி சுருக்கி ஏற்றுகிறார்கள். தெளிவாக இருந்த எழுத்து மங்குகிறது, க்யூஆர் கட்டம் படிக்க முடியாமல் போகலாம், மின்கையொப்பம் செத்தே போகிறது. வந்த கோப்பை வந்தபடியே ஏற்றினால் போதும். மின்கையொப்பம் உள்ள பிடிஎஃப்பைச் சுருக்கு கருவியில் போட்டாலும் கையொப்பம் முறிந்துவிடும். அண்ணாச்சியின் மனுவும் அப்படித்தான்: வேர்டில் தட்டச்சு செய்ததை அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். கையெழுத்து வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாரம் முழுக்க மக்கள் தலையில் விழுவது நியாயம் இல்லை. விண்ணப்பத் தளங்கள் வைக்கிற 200 கேபி, 50 கேபி என்கிற வரம்புகளுக்குக் காரணம் இருக்கலாம். லட்சக்கணக்கான விண்ணப்பங்களைச் சேமிக்க வேண்டும், மெதுவான இணைப்பிலும் ஏற வேண்டும். ஆனால் ஒரு படத்தை ஏற்றும் முன்பே நம் போனின் உலாவியிலேயே சுருக்கிக்கொள்ள ஓர் இணையதளத்தால் முடியும். அது அரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. 'கோப்பு பெரிது' என்று ஒற்றை வரியில், அதுவும் ஆங்கிலத்தில் திருப்பி அனுப்புவதற்குப் பதில், தளமே சுருக்கிக் காட்டி 'எழுத்து தெரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று தமிழில் கேட்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் போய் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன். கேட்க வேண்டிய கோரிக்கை இது, கேட்டால் செய்யக்கூடியதும்கூட.

அதுவரை நம் வேலையை நாம் பார்ப்போம். அண்ணாச்சியின் 12 படங்களையும் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஏழு படங்கள் ஒரே இடத்தை ஒரே மாதிரிக் காட்டின. அலுவலகத்தில் பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்? நிலம் இன்னாருடையது, சேதம் இவ்வளவு பரப்பு, செய்தது பன்றிதான், இன்ன தேதியில் நடந்தது. எல்லைக் கல்லும் பக்கத்து மரமும் தெரிய ஒரு படம், சாய்ந்த பரப்பு முழுக்க வருகிற மாதிரி ஒன்று, கடித்துப்போட்ட கதிரை அருகில் ஒன்று, கால்தடத்தின் பக்கத்தில் அளவு தெரிய ஒரு செருப்பை வைத்து எடுத்தது ஒன்று, வரப்பு உடைந்த இடம் ஒன்று. ஐந்து போதும். கோப்பைச் சுருக்குவதில் இதைவிடப் பெரிய சுருக்கம் எதுவும் இல்லை, பார்க்கிறவருக்கும் விஷயம் சட்டென்று புரியும்.

அந்தக் கால்தடப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுத்தோம். தூரத்துப் படங்கள் 900 புள்ளி அகலத்தில் நிற்கட்டும். இது 1,600 இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் நசுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எது சாட்சியோ அதற்கு இடம் கொடு, மற்றதில் மிச்சம் பிடி. படத்தின் அடியில் இடமும் நேரமும் அச்சாகிற கேமராவில் எடுத்திருந்தார் என்பதால், அந்தப் பொடி எழுத்து சுருக்கிய பிறகும் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டோம்.

"மூலப் படத்தை அழிச்சிடலாமா? போன்ல எடமே இல்ல."

கூடாது அண்ணாச்சி. ஒவ்வொரு முறை ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தொலையும். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் தொலைந்ததின் மேல் தொலையும். எப்போது வேறு அளவில் கேட்டாலும் மூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொன்று, எடுத்த தேதியும் இடமும் மூலப் படத்துக்குள்ளேயே பதிவாகி இருக்கும். பல சுருக்கு கருவிகள் அதை உதிர்த்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அது போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மட்டும்தான் அப்படியே போகும். மகனுக்கு அந்த ஐந்து மூலப் படங்களையும் ஆவணமாக அனுப்பிக் கணினியில் ஓர் அடைவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பெயரில் சர்வே எண்ணும் தேதியும் இருக்கட்டும். விசாரணைக்கு வருகிறவர் அசலைக் காட்டு என்று கேட்டால் எடுத்து நீட்ட அதுதான் இருக்கும். இழப்பீடு கைக்கு வருகிற வரைக்கும் அதைத் தொடவே வேண்டாம்.